கட்டம் கட்டிய கதை: கட்டுப்பாட்டு அறையிலிருந்து செட்டிங்ஸ் திரை வரை

இந்த வாரம் பேசப்போகும் விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. உங்க போன்ல செட்டிங்ஸ் திரையைத் திறந்து பாருங்க. நாலைந்து சுவிட்ச்கள் சேர்ந்து ஒரு கூட்டமாக இருக்கும். அதுக்கு மேலே கொஞ்சம் மங்கலான எழுத்தில் ஒரு தலைப்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்த கூட்டம், அதுக்கும் ஒரு தலைப்பு. ஒவ்வொரு சுவிட்ச் பக்கத்திலும் அதன் பெயர். அவ்வளவுதான். இதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை என்றால், வரைந்தவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

எதை எதோடு சேர்த்து வைப்பது, அதுக்கு என்ன பெயர் எழுதுவது, எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதுவது? இந்த மூணு கேள்விக்கும் பதில் கணினித் திரையில் பிறக்கவில்லை. விமானங்களும் அணு உலையும் கொடுத்த அனுபவத்திலிருந்துதான் அதில் பெரும்பகுதி வந்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்க ராணுவத்தின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஒரு விசித்திரமான விபத்தில் மாட்டிக்கொண்டே இருந்தன. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது விமானி இறக்கையின் ஃபிளாப்பை மேலே ஏற்றுவதற்காக ஒரு சுவிட்சைத் தட்டுவார். ஏறுவது ஃபிளாப் இல்லை, சக்கரம். விமானம் வயிறு தேய ஓடுபாதையில் உட்காரும். விசாரணை அறிக்கையில் 'விமானியின் பிழை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில் வேலை பார்த்த அல்போன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலாளரிடம் இந்தப் பிரச்சினை வந்தது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: சி-47 விமானத்தை ஓட்டுகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லையே, ஏன்? விமானி அறைக்குள் போய்ப் பார்த்தால் விடை கண்ணெதிரே இருந்தது. பி-17ல் சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் ஒரே மாதிரி இரண்டு சுவிட்ச்கள், பக்கத்துப் பக்கத்தில். சி-47ல் இரண்டும் வேறு வேறு விதம். சாப்பானிஸ் சொன்ன மருந்து: சக்கரத்தின் கைப்பிடியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தை மாட்டுங்கள், ஃபிளாப்பின் கைப்பிடியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை மாட்டுங்கள். இருட்டில் தொட்டாலும் கைக்குத் தெரியும். இன்றைக்கும் அமெரிக்க விமான விதிகளில் அந்த இரண்டு வடிவங்களும் சட்டமாகவே இருக்கின்றன. உருவத்தாலேயே எழுதப்பட்ட லேபிள் என்று அதைச் சொல்லலாம்.

போர் முடிந்த பிறகு, 1947ல், பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் இருவரும் இப்படிப்பட்ட 460 சம்பவங்களைத் திரட்டி வகைப்படுத்தினார்கள். அதில் பாதி ஒரே வகை. ஒன்றைத் தொடுவதாக நினைத்து இன்னொன்றைத் தொட்டது. பாதி! ஆட்கள் திறமையில்லாதவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது.

இதுக்குப் பின்னால் இருக்கிற மனவியல் இன்னும் பழையது. ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் 1923ல் ஒரு கட்டுரை எழுதினார். காகிதத்தில் புள்ளிகளை வைத்துக்கொண்டு, எந்தப் புள்ளிகளை நம் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கிறது என்று ஆராய்ந்தார். பக்கத்தில் இருப்பவை சேரும், ஒரே மாதிரி இருப்பவை சேரும். நம் வீட்டுக் கோலத்தில் புள்ளி வைக்கும்போதே இது நமக்குத் தெரிகிறது, அதனால் விளக்கத் தேவையில்லை. ஆனால், ஒரு கோட்டுக்குள் அடைத்தால் தள்ளித் தள்ளி இருக்கிற புள்ளிகள்கூட ஒன்றாகத் தெரியும் என்பதைத் தனி விதியாகப் பெயர் வைத்து எழுத 1992 வரை ஆனது. ஸ்டீபன் பாமர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். கணினித் திரையில் அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டங்கள் வரையப்பட்டுவிட்டன. கை முதலில் செய்துவிட்டது, அறிவியல் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

சரி, இப்போ அணு உலைக்குப் போவோம். கொஞ்ச நேரம் அங்கேயே இருப்போம்.

1977ல் அமெரிக்க மின்சார ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஜோசப் செமினாரா தலைமையில் லாக்ஹீட் நிறுவனத்து ஆட்கள் அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறைகளை ஆய்வு செய்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே போகும் பலகைகள். அதில் வரிசை வரிசையாக ஒரே நிறத்தில், ஒரே உருவத்தில் சுவிட்ச்கள். ஒவ்வொன்றுக்கும் கீழேயோ மேலேயோ ஒரு சின்னப் பெயர்த்தகடு. வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகு. பொறியாளருக்கு ஒழுங்கு பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே எட்டு மணி நேரம் நிற்கிற ஆளுக்கு?

அந்த ஆட்கள் என்ன செய்திருந்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கலர் டேப்பை வாங்கிவந்து, சேர்ந்து இயங்கும் சுவிட்ச்களைச் சுற்றிக் கோடு ஒட்டியிருந்தார்கள். கையால் எழுதிய லேபிள்களை ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில், அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்த இரண்டு கைப்பிடிகளைப் பிரித்துக் காட்ட, மதுக்கடையில் பீர் குழாய்க்கு மாட்டுகிற கைப்பிடிகளைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். இது ஒரு பிராண்ட், அது இன்னொரு பிராண்ட். அணு உலையில்! டொனால்டு நார்மன் பின்னால் தன் புத்தகத்தில் அந்தப் புகைப்படத்தைப் போட்டதால் உலகம் முழுக்க அது பிரபலமாகிவிட்டது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஆட்கள் மேல் மரியாதைதான் வருகிறது. சாப்பானிஸ் ஆய்வகத்திலிருந்து சொன்னதை இவர்கள் தாங்களாகவே செய்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கை வந்து இரண்டு வருடம். 1979 மார்ச் 28, விடியற்காலை நாலு மணி. பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் பக்கத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், இரண்டாவது அலகு. தண்ணீர் செலுத்தும் பம்புகள் நின்றன, உலையும் தானாகவே நின்றது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு திறந்தது. திறந்த வால்வு மறுபடி மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே மாட்டிக்கொண்டது. உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் அது வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது.

பலகையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்திருந்தது. ஆட்கள் 'வால்வு மூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு உண்மையில் காட்டியது வேறு விஷயம். வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான் அது காட்டும். அதாவது 'மூடச் சொல்லிவிட்டேன்' என்பது செய்தி. 'மூடிவிட்டது' என்பது அவர்கள் படித்தது. லேபிள் என்றால் பெயர் எழுதுவது மட்டும் இல்லை, எதைப் பற்றிய பெயர் என்பதும் சேர்த்துத்தான். இந்த ஒரு விளக்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னும் இருக்கிறது. அவசரத் தண்ணீர்க் குழாயின் வால்வுகள் மூடிக் கிடந்தன. அதைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்புக்காகத் தொங்கவிட்ட மஞ்சள் அட்டை மறைத்திருந்தது. வால்வுகள் மூடியிருப்பதைக் கண்டுபிடிக்க எட்டு நிமிஷம் ஆனது. வெளியே போகிற தண்ணீர் சேரும் தொட்டியின் மானிகளைப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் அந்த மானிகள் பிரதான பலகைக்குப் பின்பக்கம் இருந்தன. சுற்றிப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் சில நிமிஷத்திலேயே நூறுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகள் அடித்துக்கொண்டிருக்கும்போது யார் சுற்றிப் போவார்கள்? ஒன்றாக வைக்க வேண்டியதைப் பிரித்து வைத்த குற்றம் இது. அந்த வழியை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதற்குள் உலைக்கு ஈடுசெய்ய முடியாத சேதம் தொடங்கிவிட்டது. கடைசியில் எரிபொருள் மையத்தில் ஏறத்தாழ பாதி உருகியது.

விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு, அறிக்கை, எல்லாம் வந்தன. 1981ல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாட்டு அறைகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. தடிமனான, வறண்ட ஆவணம். ஆனால் ஒரு வெப்சைட் வடிவமைப்பாளர் இன்று எடுத்துப் படித்தால், 'அட, இது நம்ம வேலையாச்சே' என்பார். சேர்ந்து இயங்குபவற்றைச் சுற்றிக் கோடு போடு. லேபிளைக் கருவிக்கு மேலே வை. பெரிய அமைப்பின் பெயர் பெரிய எழுத்தில், அதற்குள் இருக்கும் குழுவின் பெயர் ஒரு படி சின்ன எழுத்தில், தனிக் கருவியின் பெயர் அதைவிட ஒரு படி சின்னதாக. படிக்குப் படி சுமார் 25 சதவீத வித்தியாசம் இருக்கட்டும். ஆட்கள் டேப் ஒட்டிக் கண்டுபிடித்ததை அரசாங்கம் எண் போட்டு எழுதிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அதே 1981ல்தான் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியை வெளியிட்டது. மவுஸ், ஜன்னல், ஐகான் எல்லாம் சேர்ந்து கடைக்கு வந்த முதல் அலுவலகக் கணினி அது. ஒரு எழுத்தையோ படத்தையோ தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால், அதன் குணங்களைக் காட்டும் படிவம் ஒன்று திரையில் வரும். இத்தனையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், கட்டங்கள் ஒட்டி ஒட்டி நிற்கும், ஒன்று மட்டும் கறுத்திருக்கும். அணு உலைக்காரர்களும் இவர்களும் சந்தித்துப் பேசிக்கொண்டதாக நான் சொல்ல வரவில்லை. கண்ணும் கையும் ஒன்றுதானே, அதனால் விடைகளும் ஒன்றுபோல வந்தன.

ஆப்பிளில் ஒரு வேடிக்கை நடந்தது. லிசா கணினிக்கான சோதனைகளில், வேலையை முடிக்க அழுத்தும் பட்டனில் 'டூ இட்' என்று எழுதியிருந்தார்கள். 'செய்' என்று அர்த்தம். சோதனைக்கு வந்த சிலர் அங்கே வந்ததும் தயங்கினார்கள், ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. என்ன என்று விசாரித்தால், அந்த எழுத்துருவில் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒரே கோடு, இரண்டு சொல்லுக்கு நடுவில் இடைவெளியும் சரியாகத் தெரியவில்லை. அவர் படித்தது 'டோல்ட்'. நம்ம ஊர் மொழியில் 'மட்டி'. கணினி தன்னை ஏன் மட்டி என்கிறது என்று அவருக்குக் கோபம். அதோடு அந்தச் சொல் போய் 'ஓகே' வந்தது. இன்றைக்கு நீங்கள் அழுத்துகிற அந்த பட்டனின் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்துருவின் குறை இருக்கிறது.

1984ல் வந்த மேக்கின்டாஷில் கன்ட்ரோல் பேனல் என்ற சின்ன ஜன்னல் இருந்தது. சூசன் கேர் வரைந்தது. அதில் கிட்டத்தட்டச் சொற்களே கிடையாது. வேகம் என்றால் ஆமையும் முயலும். எல்லாவற்றையும் கோடு கிழித்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருந்தார்கள். மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத பலகை. அழகுதான். ஆனால் அந்த வழியில் உலகம் போகவில்லை. பத்துப் பொருள் இருக்கும்வரை படம் பேசும், நூறு ஆனால் பெயர் வேண்டும்.

அப்புறம் வந்தது விண்டோஸ் காலம். மேல்கோட்டை உடைத்துக்கொண்டு ஒரு தலைப்பு உட்கார்ந்திருக்கும் அந்தச் சதுரக் கட்டம் ஞாபகம் இருக்கா? அதற்கு 'குரூப் பாக்ஸ்' என்று பெயர். நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வேடிக்கை: விண்டோஸின் உள்ளே அந்தக் கட்டம் ஒருவகை 'பட்டன்'. அழுத்த முடியாத பட்டன்! இன்னொரு விஷயம் வேடிக்கை இல்லை, முக்கியம். கட்டம் வரைவது ஒரு வேலை, உள்ளே இருப்பவற்றை நிஜமாகவே ஒரு குழுவாக்குவது வேறு வேலை. அம்புக்குறி விசை எந்தப் பட்டன்களுக்குள் சுற்றி வர வேண்டும் என்று தனியாக ஒரு குறி போட வேண்டும். கண்ணுக்குக் கட்டம் இருக்கும், கணினிக்கு அது வெறும் கோடு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

தொண்ணூறுகளில் கட்டங்கள் பெருகின. கட்டத்துக்குள் கட்டம், அதுக்குள் இன்னொன்று. சில ஜன்னல்களைப் பார்த்தால் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கோடு கூடக்கூட எந்தக் கோடும் எதையும் சொல்லாமல் போய்விடுகிறது. 2002ல் லினக்ஸ் உலகின் க்னோம் குழு தன் வடிவமைப்பு வழிகாட்டியில், கட்டத்தை விடுங்கள், தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுங்கள், அதன் கீழ் வருபவற்றை 12 பிக்சல் உள்ளே தள்ளி வையுங்கள் என்றது. மற்றவர்களும் மெதுவாக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். வெர்தைமரின் 'பக்கத்தில் இருப்பது சேரும்' மறுபடி ஜெயித்தது. எனக்கு இதில் முழு உடன்பாடுதான், ஆனால் இடைவெளியைக் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்தால் மட்டும். கோட்டையும் எடுத்துவிட்டு இடைவெளியையும் கொடுக்காத படிவங்கள்தான் இன்றைக்கு அதிகம்.

ஹவாய் கதையைச் சொல்லாமல் விட்டால் கேட்பீர்கள். 2018 ஜனவரி 13, காலை 8:07. ஏவுகணை வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள், இது ஒத்திகை அல்ல என்று மாநிலம் முழுக்க போன்களில் செய்தி. பொய் எச்சரிக்கை. திருத்தச் செய்தி வர 38 நிமிஷம். ஒத்திகையும் நிஜமும் ஒரே பட்டியலில் ஏறக்குறைய ஒரே பெயரில் இருந்ததால் ஊழியர் மாற்றி அழுத்திவிட்டார் என்று ஒரு படம் உலகமெல்லாம் சுற்றியது. வடிவமைப்பு வகுப்புகளில் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் அது அசல் திரையின் படமே இல்லை என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் விசாரணையில், அந்த ஊழியர் நிஜமான தாக்குதல் என்று நம்பியே அனுப்பியதாகச் சொன்னது வெளியே வந்தது. அப்போ திரை நிரபராதியா? அதுவும் இல்லை. 'நிச்சயமாக அனுப்பவா' என்று கடைசியில் கேட்கும் கேள்வி ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே வாசகம்தான். ஒரு வார்த்தை வேறாக இருந்திருந்தால் பக்கத்தில் இருந்தவராவது கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

இப்போ அந்த 'கண்ணுக்குக் கட்டம், கணினிக்கு வெறும் கோடு' விஷயம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், பார்வை கிடையாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டுத்தான் எல்லா வேலையும் செய்வார். அது பேசும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் புரியாது. ஒருநாள் ஓர் அலுவலகத்தின் ஆன்லைன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டேப் விசையைத் தட்டத் தட்ட அவருக்குக் கேட்டது இதுதான்: ஆம். இல்லை. ஆம். இல்லை. ஆம். இல்லை. என்ன கேள்விக்கு ஆம், எதுக்கு இல்லை? திரையில் கேள்விகள் அழகான எழுத்தில் பளிச்சென்று இருந்தன. எனக்கு இருந்தன.

இதுக்கு மருந்து 1997 டிசம்பரிலேயே வந்துவிட்டது. எச்டிஎம்எல் 4.0ல் மூணு குறிகளைச் சேர்த்தார்கள். 'லேபிள்' என்பது பெயரை அதன் பெட்டியோடு கட்டிப்போடும். பெயரைத் தொட்டாலே பெட்டி தேர்வாகும், விரல் நடுங்குகிறவர்களுக்குப் பெரிய உதவி. 'ஃபீல்டுசெட்' சேர்ந்தவற்றைச் சேர்க்கும். 'லெஜண்ட்' அந்தக் கூட்டத்துக்குத் தலைப்பு. இவற்றைப் போட்டிருந்தால் என் நண்பருக்கு 'வருமான வரி கட்டுகிறீர்களா, ஆம்' என்று கேட்டிருக்கும். விண்டோஸில் தனித்தனியாக இருந்த கோடும் குழுவும் இங்கே ஒன்றாகிவிட்டன.

பிறகு ஏன் போடவில்லை? பார்க்க நன்றாக இல்லை என்பதால். நிஜமாகவே அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பிரவுசர்கள் அந்தத் தலைப்பைக் கட்டத்தின் மேல்கோட்டில், கோட்டை உடைத்துக்கொண்டு உட்கார வைக்கும். அந்த இடத்திலிருந்து அதை நகர்த்த வருஷக்கணக்காகப் படாதபாடு பட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி. அலுத்துப்போனவர்கள் அந்தக் குறியைத் தூக்கிவிட்டு, வெறும் பெட்டிகளை வைத்துத் தலைப்பு போலத் தெரிகிற ஒன்றை வரைந்துவிட்டார்கள். கண்ணுக்கு அதே கட்டம். காதுக்கு ஆம், இல்லை, ஆம், இல்லை.

தமிழுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் குழுத் தலைப்பைப் பெரிய எழுத்துகளில், அதாவது கேப்பிட்டலில், சின்னதாக எழுதினால் போதும், தலைப்பு என்று தெரிந்துவிடும். 2013ல் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 7 அப்படித்தான் செய்தது, 2014ல் கூகுளின் மெட்டீரியல் டிசைன் பட்டன்களையே கேப்பிட்டலில் எழுதச் சொன்னது. நமக்குக் கேப்பிட்டல் ஏது? தமிழில் வந்ததும் அந்த அலங்காரம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். தலைப்பும் கீழே இருக்கும் பெயரும் ஒரே மாதிரி நிற்கும். எழுத்தைச் சின்னதாக்கினால் மேலே விசிறி, கீழே சுழி எல்லாம் தெளிவில்லாமல் போகும். அதனால் நம் திரைகளில் அளவு, தடிமன், நிறம், இடைவெளி இந்த நாலை வைத்துத்தான் படி பிரிக்க முடியும். எழுத்து மாதிரியை நம்பாமல் 25 சதவீத வித்தியாசத்தைச் சொன்ன அந்த 1981 வழிகாட்டி நமக்கு இன்றைய போன் வழிகாட்டிகளைவிட நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு கூட்டத்தில் ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக வெளியே வரும் வட்டப் பட்டனுக்கு 'ரேடியோ பட்டன்' என்று ஏன் பெயர் வந்தது என்று போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார். பழைய கார் ரேடியோக்களில் நிலையம் மாற்றும் பட்டன்கள் அப்படித்தான் வேலை செய்யும். ஒன்றை உள்ளே தள்ளினால் ஏற்கனவே உள்ளே இருந்தது துள்ளி வெளியே வரும். அந்தக் கார் ரேடியோக்களைப் பற்றித்தான் அடுத்த வாரம் பேசப்போகிறோம்.